"இன்வெர்ட்டர் டியூட்டி" என்று எழுதியிருந்தால் போதுமா?

நம்ம ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் ஃபேனை ஓட வைக்கும் பெட்டி. அதனால் மோட்டார் விளம்பரத் தாளில் "இன்வெர்ட்டர் டியூட்டி" என்ற சொல்லைப் பார்க்கும் பலர், அது யுபிஎஸ்-இல் ஓடும் மோட்டார் என்று நினைத்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அது அப்படி இல்லை. இங்கே இன்வெர்ட்டர் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். விஎஃப்டி என்றும் சொல்வார்கள். ஸ்பின்னிங் மில், லிஃப்ட், ஏசி பிளான்ட், இப்போது சோலார் பம்ப் என எல்லா இடத்திலும் அது இருக்கிறது.

கடந்த சில மாதங்களாக மோட்டார் கேட்டலாக்குகளையும் டிரைவ் மேனுவல்களையும் வரிசையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். (பொழுதுபோக்கு என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.) படித்ததில் எனக்கு வந்த முக்கியமான புகார் ஒன்றுதான். மோட்டார் கருகுவதற்கான காரணம் முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், மருந்தும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தத் தகவல் வாங்குகிறவன் கைக்கு வந்து சேராதபடி இந்தக் காகிதங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் டிரைவ் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் உள்ளே வந்ததும் அதை டிசி ஆக்குகிறது. 415-ஐ 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 587 வோல்ட். இந்த டிசியை ஐஜிபிடி என்ற சுவிட்சுகள் வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. மோட்டாருக்குப் போவது வழுவழுப்பான சைன் அலை இல்லை. 587 வோல்ட் உயரமுள்ள சதுரத் துடிப்புகள். துடிப்புகளின் அகலத்தை மாற்றி மாற்றி, கரண்ட் மட்டும் சைன் அலை போல வரும்படி செய்கிறார்கள். டிரைவ் ஓடும்போது மோட்டார் "ஙீ" என்று பாடுவது இதனால்தான்.

கேரியர் ஃப்ரீக்வென்சி 4 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபேஸில் வினாடிக்கு 4,000 துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏறுமுகம் ஒன்று, இறங்குமுகம் ஒன்று. ஆக 8,000 விளிம்புகள். நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 69 கோடி. அதே மோட்டார் நேரடியாக இபி லைனில் ஓடினால் ஒரு நாளைக்கு 86 லட்சம் உச்சங்கள்தான், அதுவும் மெதுவாக ஏறி இறங்குகிறவை. டிரைவின் விளிம்போ 0.1 மைக்ரோ வினாடியில் செங்குத்தாக ஏறிவிடுகிறது.

இந்தச் செங்குத்துதான் பிரச்சினையின் வேர். வாய்க்காலில் ஒரு அலை வேகமாக வந்து மூடிய மடையில் மோதினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் தண்ணீர் வந்த அலையைப் போல இரண்டு மடங்கு எழும்பும், பிறகு திரும்பி ஓடும். கேபிளில் ஓடும் துடிப்பும் அப்படித்தான். மின் துடிப்பைப் பொறுத்தவரை மோட்டார் சுற்று ஒரு மூடிய மடை மாதிரி. கேபிளின் அலைத்தடை நூறு ஓம் பக்கத்தில் இருக்கும், சின்ன மோட்டாருடையது ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் மோட்டார் டெர்மினலில் 587 வோல்ட் துடிப்பு 1,170 வரை எகிறலாம். முந்தைய துடிப்பின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் அதற்கு மேலும் போகும். பெரிய மோட்டாரில் இந்த எகிறல் கொஞ்சம் குறைவு. 3 ஹெச்பி, 5 ஹெச்பி மோட்டாரில்தான் முழு அடி விழும்.

எவ்வளவு நீளக் கேபிளில் இது முழுசாக நடக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. துடிப்பு கேபிளில் மைக்ரோ வினாடிக்கு சுமார் 150 மீட்டர் ஓடுகிறது. அதை ஏறும் நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். ஏறும் நேரம் 0.1 மைக்ரோ வினாடி என்றால் 7.5 மீட்டர். அதாவது 25 அடி. பேனல் ரூமிலிருந்து பக்கத்து ஷெட்டுக்குப் போகும் தூரம்கூட இல்லை. ஐஜிபிடி வருவதற்கு முந்தைய மெதுவான சுவிட்சுகளின் காலத்தில் இந்த அளவு நூறு மீட்டரை ஒட்டி இருந்தது, அதனால் பலருக்குத் தொந்தரவே தெரியவில்லை. 1990-களில் ஐஜிபிடி பரவியதும் பழைய மோட்டார்கள் காரணம் தெரியாமல் விழ ஆரம்பித்தன. சுவிட்ச் வேகமானால் டிரைவில் நஷ்டம் குறைகிறது, டிரைவ் சின்னதாகிறது, விலையும் இறங்குகிறது. அதன் செலவு கேபிளின் மறுமுனையில் இருப்பவன் தலையில் விழுகிறது. சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள் வரும்போது இந்த நீளம் இன்னும் சுருங்கி ஓரிரு மீட்டராகிவிடும்.

சாதாரண மோட்டாருக்குள் இந்த அடி எங்கே விழுகிறது? துடிப்பு மெதுவாக ஏறினால் வோல்டேஜ் எல்லாச் சுற்றுக்கும் சமமாகப் பிரியும். செங்குத்தாக ஏறினால் அப்படிப் பிரிய நேரமில்லை. முதல் காயிலின் முதல் சில சுற்றுகளே பெரும்பங்கைத் தாங்க வேண்டும். போதாக்குறைக்குச் சின்ன மோட்டார்களில் கம்பி ஒழுங்கில்லாமல் உள்ளே சொருகப்படுகிறது. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஸ்லாட்டுக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கலாம். இடையில் இருப்பது முடியைவிட மெல்லிய எனாமல் பூச்சும், வார்னிஷ் நிரம்பாத இடத்தில் காற்றும்தான். காற்று முதலில் உடையும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பொறிகள். இதற்கு பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்று பெயர். ஒவ்வொரு பொறியும் எனாமலைக் கொஞ்சம் அரிக்கும், ஓசோனை உண்டாக்கும். பொறி தொடங்கும் வோல்டேஜை எட்டிவிட்டால், தினம் 69 கோடி வாய்ப்பு இருக்கும்போது எனாமல் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், காயில் கருகும். பிரித்துப் பார்த்தால் ஒரு ஃபேஸின் முனைப் பக்கத்தில் மட்டும் கருப்பு. மற்றதெல்லாம் புதுசு மாதிரி இருக்கும்.

இப்போது காகிதங்களுக்கு வருவோம்.

அமெரிக்க நெமா எம்ஜி 1 தரநிலையில் இரண்டு பகுதிகள் இதைப் பேசுகின்றன. பொதுப்பயன்பாட்டு மோட்டாருக்கான 30-ஆம் பகுதி, டெர்மினலில் உச்சம் 1,000 வோல்டுக்கு மிகாமலும் ஏறும் நேரம் 2 மைக்ரோ வினாடிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. டிரைவுக்கென்றே செய்யும் மோட்டாருக்கான 31-ஆம் பகுதி, ரேட்டட் வோல்டேஜைப் போல 3.1 மடங்கு உச்சத்தை, 0.1 மைக்ரோ வினாடி ஏற்றத்தோடு தாங்க வேண்டும் என்கிறது. நம் 415 வோல்டுக்கு அது சுமார் 1,287 வோல்ட். தெளிவான எண்கள். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால், 25 அடிக்கு மேல் கேபிள் போனாலே 30-ஆம் பகுதி மோட்டார் எல்லை தாண்டிவிடும் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடலாம்.

சர்வதேச தரநிலையான ஐஇசி 60034-18-41 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2014-இல் முழுத் தரநிலையாக வந்தது. டெர்மினலில் துடிப்பு எத்தனை மடங்கு எகிறும் என்பதை வைத்து நான்கு வகுப்புகள் பிரித்தார்கள்: ஏ என்றால் 1.1, பி 1.5, சி 2.0, டி 2.5. அந்த நிலைமையில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் வரவே கூடாது என்பது நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த தரநிலை இது. "நல்ல இன்சுலேஷன்" என்ற மங்கலான பேச்சை எடுத்துவிட்டு ஒற்றை எழுத்தில் பதில் சொல்ல வைக்கிறது. உங்கள் கேபிள் நீளம் என்ன, சி வேண்டுமா, டி வேண்டுமா, முடிந்தது.

நான் புரட்டிய கேட்டலாக்குகளில் இந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனி வேலையாக இருந்தது. அதற்குப் பதிலாக எங்கும் இருப்பது "இன்வெர்ட்டர் டியூட்டி". நெமாவின் 31-ஆம் பகுதியே மோட்டாரை அந்தப் பெயரில் அழைப்பதில்லை. இது வியாபாரத்தில் வளர்ந்த சொல். அதற்குள் இரண்டு வெவ்வேறு குணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, துடிப்பைத் தாங்கும் இன்சுலேஷன். இன்னொன்று, குறைந்த வேகத்திலும் சூடாகாமல் இருப்பது. ஷாஃப்டிலேயே ஃபேன் இருந்தால் வேகம் குறையும்போது காற்றும் குறையும், அதனால் தனி புளோயர் மாட்டுகிறார்கள். புளோயர் மாட்டிய மோட்டாரை "இன்வெர்ட்டர் டியூட்டி" என்று விற்பதில் பொய் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் கம்பி எந்த எனாமல் என்பதை அந்தச் சொல் சொல்லவே இல்லை. சாதாரண எனாமலா, பொறியின் அரிப்பைத் தாங்கும் நுண் கனிமத்துகள் கலந்த பூச்சா? இதைக் கேட்காமல் வாங்கினால் புளோயருக்கு மட்டும் காசு கொடுத்ததாகிவிடும்.

டிரைவ் மேனுவல் இன்னொரு வகை. அதில் "அதிகபட்ச மோட்டார் கேபிள் நீளம்" என்று ஒரு அட்டவணை இருக்கும். 50 மீட்டர், 100 மீட்டர் என்று. படிப்பவர் என்ன நினைப்பார்? அதுவரைக்கும் மோட்டாருக்கு ஆபத்தில்லை என்றுதானே? பல மேனுவல்களில் அந்த எண் டிரைவைப் பற்றியது. கேபிள் நீளமானால் அது ஒரு கெப்பாசிட்டர் போல ஒவ்வொரு துடிப்பிலும் கரண்ட் இழுக்கும், டிரைவ் டிரிப் ஆகும், ரேடியோ இரைச்சல் எல்லை தாண்டும். அதற்கான வரம்புதான் அது. மோட்டார் இன்சுலேஷனுக்கான நீளம் வேறொரு அத்தியாயத்தில், சில சமயம் வேறொரு புத்தகத்திலேயே, "மோட்டார் தயாரிப்பாளரைக் கலந்தாலோசிக்கவும்" என்ற வரியோடு இருக்கும். மோட்டார் புத்தகத்தைத் திறந்தால் "டிரைவ் தயாரிப்பாளரைக் கலந்தாலோசிக்கவும்". இந்தப் பந்து விளையாட்டில் மைதானத்தில் நிற்பது வாங்கியவன் மட்டும்தான்.

அதே மேனுவலில் கேரியர் ஃப்ரீக்வென்சி பக்கத்தையும் பாருங்கள். ஏற்றினால் மோட்டார் சத்தம் குறையும், ஆனால் டிரைவ் சூடாகும், அதனால் டிரைவின் திறனைக் குறைத்துக் கணக்கிடவும் என்று இருக்கும். சரியான தகவல்தான். ஏற்றினால் மோட்டாருக்கு வினாடிக்கு விழும் அடியும் அதே விகிதத்தில் கூடும் என்பதை அதே பக்கத்தில் எழுத ஒரு வரி போதும். சத்தம் பிடிக்கவில்லை என்று 2-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியவர், பார்ஷியல் டிஸ்சார்ஜ் இருக்கும் மோட்டாரின் ஆயுளை நாலு மடங்கு வேகமாகத் தின்ன வைக்கிறார். குறைத்தால் உச்ச வோல்டேஜ் குறையாது, அடிகளின் எண்ணிக்கைதான் குறையும். ஆனாலும் காசு செலவில்லாத வைத்தியம் அது ஒன்றுதான்.

மலைக்கு ஒரு தனிக் குறிப்பு. காற்றழுத்தம் குறைந்தால் காற்று சீக்கிரம் உடையும். ஊட்டி உயரத்தில் (சுமார் 2,240 மீட்டர்) காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். அங்கே உயரத்தைக் காட்டி மோட்டார் திறனைக் குறைக்கச் சொல்லும் அட்டவணைகள் குளிர்ச்சியைப் பற்றியே பேசுகின்றன. டீ ஃபேக்டரி ஃபேனுக்கு டிரைவ் போடுகிறவர், பொறி தொடங்கும் வோல்டேஜும் இறங்கியிருக்கும் என்பதைத் தானாகத்தான் ஊகிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது போர்வெல் மோட்டார். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் ஆயிரம் அடி போர் என்பது இப்போது ஆச்சரியமே இல்லை. மோட்டார் கீழே, டிரைவ் மேலே, நடுவில் 300 மீட்டர் கேபிள். 2019-இல் பிஎம்-குசும் திட்டம் வந்த பிறகு சோலார் பம்புகள் பெருகின, அவற்றில் ஏசி பம்ப் எல்லாவற்றிலும் கன்ட்ரோலர் என்ற பெயரில் ஒரு டிரைவ் உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன தரநிலைகளும் அறிவுரைகளும் காற்றில் நிற்கும் மோட்டாரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வாட்டர் ஃபில்டு மோட்டாரின் கதையே வேறு.

அதில் எனாமல் கம்பி கிடையாது. பிவிசி போன்ற பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, உள்ளே முழுக்கத் தண்ணீர். காற்றுப் பை இல்லாததால் மேலே சொன்ன பொறிக் கதை அப்படியே பொருந்தாது. உறையும் எனாமலைவிடப் பல மடங்கு தடிமன். அப்படியானால் நிம்மதியா? இல்லை. தண்ணீர் மோட்டார் உடம்போடு, அதாவது எர்த்தோடு ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு சுற்றையும் எர்த் சூழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துச் சுற்றுக்கான சின்ன வோல்டேஜை மட்டும் தாங்கினால் போதாது, எர்த்துக்கான முழு வோல்டேஜையும் ஒவ்வொரு அங்குல உறையும் தாங்க வேண்டும், எகிறிய துடிப்பையும் சேர்த்து. ஓர் ஊசித்துளை போதும். அதோடு பிவிசி சூட்டுக்கு இளகும் பொருள், சாதாரண பிவிசிக்கு 70 டிகிரிதான் வரம்பு. டிரைவின் ஹார்மோனிக் கரண்ட் கூடுதல் சூடு தரும். மோட்டார் லீடையும் கேபிளையும் சேர்த்து டேப் சுற்றும் அந்த ஜாயிண்ட் எல்லாவற்றிலும் பலவீனமான இடம், அதுவும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. ஆயில் ஃபில்டு மோட்டாராக இருந்தால் எனாமல் கம்பி திரும்ப வந்துவிடும், கணக்கும் அதற்கேற்ப மாறும்.

சோலாரில் இன்னொரு சிக்கல். லைனில் ஓடும் டிரைவுக்கு டிசி 587 என்று சொன்னேன். சோலாரில் டிசி என்பது பேனல் வரிசையின் வோல்டேஜ். லோடு குறைவாக இருக்கும்போதும், குளிர்ந்த காலை வெயிலிலும் அது மேலே ஏறும். 700 வோல்டில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இரட்டித்தால் 1,400. நெமாவின் 31-ஆம் பகுதி காற்று மோட்டாருக்குக் கேட்கும் 1,287-ஐயே அது தாண்டுகிறது. பேனல் எத்தனை சீரியலில் போட வேண்டும் என்பதை டிரைவ் தாங்குமா என்று மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். 300 மீட்டர் கீழே இருப்பவனைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

தீர்வு என்று விற்கப்படுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. "சோக் போட்டிருக்குங்க" என்பார்கள். பார்த்தால் அது இன்புட் பக்கத்தில் இருக்கும். இன்புட் சோக் லைனின் ஹார்மோனிக்ஸைக் குறைக்கும், டிரைவைக் காப்பாற்றும். மோட்டாருக்குப் போகும் துடிப்பை அது தொடக்கூட இல்லை. அவுட்புட்டில் போடும் சோக்கும் டிவி/டிடி ஃபில்டரும் விளிம்பின் செங்குத்தைத் தணிக்கும். மில்லில் 50 மீட்டர், 80 மீட்டர் கேபிளுக்கு இது நல்ல, நியாயமான விலையுள்ள வழி. ஆனால் 300 மீட்டர் போருக்குக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஏறும் நேரத்தை 2 மைக்ரோ வினாடி ஆக்கினாலும் முழு எதிரொலிப்புக்கான நீளம் 150 மீட்டர்தான். கேபிள் அதைப் போல இரண்டு மடங்கு. முதல் சுற்றின் சுமை குறையும், ஆட்டமும் கொஞ்சம் தேயும், ஆனால் உச்சம் அடங்கிவிடும் என்று கணக்கு உத்தரவாதம் தராது. எர்த்தால் சூழப்பட்ட கம்பிக்கு உச்சம்தான் முக்கியம். அங்கே சரியான பொருள் சைன் ஃபில்டர். சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து துடிப்புகளைக் கரைத்து கிட்டத்தட்ட சைன் அலையாகவே கீழே அனுப்பும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கேரியர் ஃப்ரீக்வென்சியை ஃபில்டர் சொல்லும் அளவுக்குக் கீழே இறக்கக்கூடாது, டிரைவை அதற்கேற்ற மோடில் வைக்க வேண்டும், கொஞ்சம் வோல்டேஜ் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். விலையும் சுளீர் என்று இருக்கும், சின்ன பம்புக்கு டிரைவ் விலையோடு போட்டி போடும்.

அந்த விலை கொட்டேஷனில் ஏன் வருவதில்லை? டிரைவ் விற்பவர்கள் காட்டும் மிச்சக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஃபேனோ பம்போ 80 சதவீத வேகத்தில் ஓடினால் பவர் ஏறத்தாழ பாதி (0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512). உயரமே சுமையாக இருக்கும் ஆழ்போரில் அது அப்படியே பலிக்காது என்பது தனிக்கதை. எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணையில் டிரைவ் விலை இருக்கும். ஃபில்டர் இருக்காது, கருகிய மோட்டாரை வெளியே எடுக்கும் கூலி இருக்காது. ஆயிரம் அடியிலிருந்து பைப்பைக் கழற்றிக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்குவது எவ்வளவு செலவு, அதற்குள் பயிர் என்ன ஆகும் என்று தோட்டக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

கருகின மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகும். அங்கே "மெக்கர்ல நல்லாத்தாங்க காட்டுச்சு, எப்படிப் போச்சுன்னு தெரியல" என்ற வசனத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. 500 வோல்ட் மெக்கர் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில்தான் பார்க்கும். காற்று மோட்டாரில் கெட்டுப்போவது சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில். 200 மெகாஓம் காட்டிக்கொண்டே உள்ளே எனாமல் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க சர்ஜ் டெஸ்டர் வேண்டும். வாட்டர் ஃபில்டில் இது தலைகீழ். தண்ணீர் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே மெக்கர் அருமையான கருவி, மாதாமாதம் எடுத்து எழுதி வைத்தால் சரிவு தெரிந்துவிடும். எந்த மோட்டாருக்கு எந்த டெஸ்ட் என்று ஒரு மேனுவலாவது பிரித்துச் சொல்லலாம்.

இன்வெர்ட்டர் டியூட்டி மோட்டாரையே வாங்கியிருந்தாலும், கடையில் இருக்கிற சாதாரண எனாமல் கம்பியைப் போட்டு ஒரே முக்கில் வார்னிஷ் போட்டு எடுத்தால் அது இனி அந்த மோட்டார் இல்லை. பிளேட்டில் எழுத்து அப்படியே இருக்கும். கம்பி மாறியது பிளேட்டுக்குத் தெரியாது. ரீவைண்டிங் கொடுக்கும்போது "டிரைவ்ல ஓடுற மோட்டார்ங்க, அதுக்கான கம்பி போடுங்க, ஃபேஸ் பேப்பர் வைங்க, வார்னிஷ் ரெண்டு தடவை" என்று சொல்லிக் கொடுங்கள். கம்பி விலை வித்தியாசம் மொத்த பில்லில் பெரிதாகத் தெரியாது.

கேபிள் நீளத்தையே ஒழிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது: டிரைவை மோட்டார் மேலேயே பொருத்தி ஒரே பொருளாக விற்பது. ஃபேன், சின்ன பம்புகளில் இது வந்துவிட்டது, யார் பொறுப்பு என்ற பந்து விளையாட்டும் அதோடு முடிகிறது. போருக்குள் அது அவ்வளவு எளிதல்ல. அதுவரை சோலார் பம்ப் டெண்டர் எழுதுகிறவர்கள் இரண்டு வரி சேர்க்கலாம். கேபிள் இத்தனை மீட்டருக்கு மேல் போனால் சைன் ஃபில்டர் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்று ஒன்று. பம்ப் இறக்கிய பிறகு மோட்டார் டெர்மினலுக்கு வரக்கூடிய அதிகபட்ச வோல்டேஜை பேனல் வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டு, வாரண்டி அட்டையிலேயே எழுதித் தர வேண்டும் என்று இன்னொன்று.